முழங்கால் ஆழக் கடல்

ஜூன் 2, திங்கள்

சைப்ரஸ் வந்து சேர்ந்தாச்சு.

விமான நிலையத்தில் என் பெட்டியை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். அதிகாரி திறந்து, உள்ளேயிருந்து லாரி ட்யூபை இழுத்துத் தூக்கிப் பிடித்தார். காற்று இறக்கி, மடித்து, மேலே இரண்டு வேட்டி சுற்றி வைத்திருந்தேன். மலைப்பாம்பைப் பிடித்துவிட்டவர் மாதிரி நின்றார் மனுசன்.

"வாட் இஸ் திஸ்?"

"டென் வீல் லாரி, சார்."

அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் மகன் தரணீஷ் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினான். பையன் பயந்து அழுகிறானோ என்று பார்த்தால் சிரிப்பு. அப்புறம் அவனே நிமிர்ந்து இங்கிலீஷில் என்னவோ சொன்னான். அதிகாரியும் சிரித்து விட்டுவிட்டார்.

"என்னடா சொன்ன?"

"எங்கப்பாவுக்கு இது குலசாமி மாதிரி, இல்லாம வெளியூர் போகமாட்டாருன்னு சொன்னேன்."

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் அடிக்கிறவனுக்கு வேறென்ன குலசாமி இருக்கும்? எங்கள் பக்கம் நீச்சல் என்றால் கிணறு, லாரி ட்யூப், இடுப்பில் ஒரு கயிறு. கயிறும் கொண்டுவந்திருக்கிறேன். அது பெட்டியின் அடியில் இருந்ததால் தப்பித்தது.

மகள் சிந்துஜா கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். இங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். பொண்ணு கார் ஓட்ட, அப்பன் பின்னால் உட்கார்ந்து பிரேக் மிதித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

எதற்கு இந்தப் பயணம் என்பதை எழுதிவிடுகிறேன். நாளைக்கு நான் பேச்சு மாறினால் எனக்கே சாட்சி வேண்டும்.

தரணீஷுக்கு மூணு வயதில் ஒரு காய்ச்சல் வந்து முதுகுத்தண்டில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. பள்ளிக்கூடத்து மாடி, சினிமாக் கொட்டகை, கோயில் படி எல்லாம் என் முதுகில் உப்பு மூட்டையாகத்தான். இப்போது பன்னிரண்டாவது முடித்து, கோயமுத்தூரில் காலேஜ் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் தங்கிப் படிப்பேன் என்கிறான்.

"உன்னை யாருடா தூக்குவா?" என்றேன்.

"ஆளுங்க இருப்பாங்க."

"ஆளுங்கன்னா யாரு? பேரச் சொல்லு."

அவனால் சொல்ல முடியவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அவனுக்குப் போதவில்லை. ஒரு மாதம் வீட்டில் சோறு இறங்கவில்லை, பேச்சு முழுக்க ஹாஸ்டல். கடைசியில் ஒருநாள் கடுப்பில் சொல்லிவிட்டேன்: "தண்ணிக்குள்ள யாரும் உன்னப் பிடிக்காம, ஒரு பாட்டு முடியற வரைக்கும் இருந்து காட்டு. நானே கொண்டுபோய் ஹாஸ்டல்ல விடறேன்."

ஏன் தண்ணீர் என்றால், சின்ன வயதில் மாமனுடைய கிணற்றில் ட்யூபிலிருந்து கையெடுத்த நிமிசமே முங்கிப் போனவன் அவன். நான் குதித்து முடியைப் பிடித்துத் தூக்கினேன். அதனால் தெரிந்தே கேட்ட பந்தயம். நான் பத்தாவது பெயில்தான், ஆனால் மூளை இல்லாதவன் கிடையாது.

அவன் உடனே "சரி" என்றான். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். மறுவாரம் சிந்துவிடமிருந்து இரண்டு பேருக்கும் டிக்கெட் வந்தது.

ஜூன் 5, வியாழன்

சிந்து ஆபீஸ் போய்விட்டாள். தேங்காய் வாங்கப் போய்ப் பெயர் தெரியாத ஒரு காய் வாங்கி வந்தேன். பொரியல் பண்ணினேன். தரணீஷ் சாப்பிட்டுவிட்டு, "இது பழம்ப்பா" என்றான். சொன்னது சாப்பிட்டு முடித்த பிறகு.

பால்கனிக் கதவு கீச்சிட்டது, சரி பண்ணினேன். குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பில் லேசாகப் பிடிப்பு. ஏசி காற்று எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

வீட்டிலிருந்து என் மனைவி ரத்தினா கூப்பிட்டாள். ஏரோப்ளேனில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்து ஊரில் இருந்துகொண்டவள், அங்கிருந்தே என்னை ஓட்டுகிறாள்.

"ஏனுங்க, சேலத்து டாக்டர் குடுத்த மாத்திரை போடறீங்களா?"

"சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

கிழக்குப் பக்கம் உள்ள கடற்கரைக்குப் போனோம். அதன் பெயரை சிந்து எத்தனையோ தடவை சொன்னாள். வாயில் நுழையவில்லை. அதனால் எந்தக் கடற்கரைக்குப் போனேன் என்று ஊரில் சொல்லவும் முடியாது.

கடல் என்றால் எனக்குக் கன்னியாகுமரிதான். கருத்துப்போய், இரைந்துகொண்டு, கிட்ட வராதே என்று சொல்லும். இது அப்படி இல்லை. வெள்ளைப் பீங்கான் தட்டில் நீல மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றினது போலக் கிடக்கிறது. அலையே இல்லை. அடியில் மணல் வரி வரியாகத் தெரிகிறது. நம் ஊர்க் கணக்குக்குக் கப்பல் போகவேண்டிய தூரத்தில் ஒரு கிழவர் நின்று பேப்பர் படிக்கிறார். அவருக்கு முழங்கால் மட்டும்தான் நனைந்திருக்கிறது.

"அம்மணி, ஆழம் எங்க ஆரம்பிக்குது?"

"அதோ அந்தக் குட்டித் தீவு தெரியுதுல்ல, அதுக்கும் அக்கட்டாலப்பா."

"அதுவரைக்கும்?"

"இதேதான்."

தரணீஷைப் பார்த்தேன். கோபுர தரிசனம் பண்ணுகிறவன் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமாடா?"

"அக்கா போன வருசமே போட்டோ அனுப்புச்சே."

கிணற்றுக்காரன் புத்தி. தண்ணீர் என்றாலே ஆழம் என்று நினைத்துப் பந்தயம் கட்டியிருக்கிறேன். முழங்கால் ஆழத்துக்கு ஒரு கடலை வைத்திருப்பார்கள் என்று எவன் கண்டான்?

கரையிலிருந்து தண்ணீருக்குள் தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பி இறங்குகிறது. மேலே ஒரு நாற்காலி. கால் வராதவர்கள் அதில் உட்கார்ந்து கையில் இருக்கும் ரிமோட்டை அமுக்கினால், கிணற்றுக்குள் மோட்டார் இறக்குவது போல அதுவே மெல்ல இறக்கிவிடும். தரணீஷ் கண் அதன் மேலேயே இருந்தது.

"என்ற மகன் என்ன மோட்டாரா?" என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிக் குனிந்தேன். ஏறிக்கொண்டான். ஏசி இல்லாத இடத்திலும் இடுப்பு பிடித்தது. கடற்காற்றும் ஒத்துக்கொள்ளாது போல.

தண்ணீரில் இறக்கினேன். மணலில் உட்கார்ந்தான். நெஞ்சு வரை தண்ணீர். இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

"யாரும் பிடிக்கல. அக்கா, பாட்டுப் போடு."

"செல்லாது, செல்லாது!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பம் நகர்ந்து உட்கார்ந்தது. "உக்காந்தா சேர்த்தி இல்ல. மெதக்கோணும்."

"நீங்க அப்பிடிச் சொல்லவே இல்ல."

"இப்பச் சொல்றேன்."

"அப்பா, இது அழுகுணி ஆட்டம்" என்றாள் சிந்து.

தரணீஷ் கையை இறக்கினான். "சரி. மெதக்கறேன். அப்புறம் வேற எதுவும் புதுசாச் சொல்லக்கூடாது."

மத்தியானம் எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். ட்யூபுக்குக் காற்றடித்து மணலில் வைத்திருந்தேன். தரணீஷை அதன் மேல் உட்காரவைத்தேன், மெத்தை மாதிரி இருக்குமென்று. சாயங்காலம் காற்று எழுந்துவிட்டது. மிதப்பது அடுத்த தடவை என்று கிளம்பினோம்.

ஜூன் 8, ஞாயிறு

ட்யூப் கறுப்பு. வெயில் பட்டுக் கொதித்திருக்கிறது. அவனுக்குச் சுட்டது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

இன்றைக்குத்தான் முழுசாக எழுதக் கை வருகிறது.

சனிக்கிழமை வீடு திரும்பிக் குளித்ததும் தரணீஷ் கட்டிலில் குப்புறப் படுத்தான். போன் பிடித்த கையை வளைத்துப் பின்னால் கொண்டுபோய்த் தொடையைப் படம் எடுத்தான். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"என்னடா பண்ற?"

"தெனமும் பாக்கறதுதான்ப்பா. எங்கயாச்சும் சிவந்திருக்கா, தோல் உரிஞ்சிருக்கான்னு. எனக்குத்தான் வலிக்காதே, பாத்துத்தான தெரிஞ்சுக்கோணும்." அப்புறம் அதே குரலில், "அக்கா, கொப்புளம் போட்டிருக்கு. டாக்டர்கிட்டக் காட்டலாம்" என்றான்.

எட்டாவது படிக்கும்போதிருந்து இதைச் செய்கிறானாம். தினமும் அவனை முதுகில் சுமக்கிறேன். எனக்குத் தெரியாது.

இன்று டாக்டர் கட்டுப் போட்டார். பயமில்லை, தோல் மூடும் வரை தண்ணீர் படக்கூடாது, வார இறுதியில் பார்க்கலாம் என்றார். காரில் ஏறினதும் சிந்து பிடித்துக்கொண்டாள்.

"ட்யூப் வேணாம் வேணாம்னு எத்தனை தடவப்பா சொன்னேன்?"

"அப்பாகிட்ட எதுக்குக் கத்தற? உக்காந்தது நானு" என்றான் தரணீஷ்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் பந்தயம் கட்டினவன் வாய் சும்மா இருக்குமா?

"பாத்தியா கண்ணு. ஹாஸ்டல்ல இப்பிடி ஆச்சுன்னா யாரு பாப்பா?"

"இங்க யாருப்பா பாத்தது?" என்றான்.

வீடு வரும்வரை பிரேக் மிதிக்கவும் மறந்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

துணி துவைத்துக் காயப்போட்டேன். என் பட்டாபட்டி அண்டிராயர் காற்றில் பறந்து கீழ்வீட்டு அம்மாளின் ரோஜாச்செடியில் விழுந்தது. கோலில் மாட்டிக்கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுத்தாள். நானும் திருப்பிக்கொண்டே வாங்கினேன்.

தரணீஷ் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் அவனே மாறிக்கொள்கிறான். கையை ஊன்றி ஒரு தாவல். ஊரில் நான் இருக்கும்போது இப்படிச் செய்து பார்த்ததில்லை. கேட்டேன்.

"நீங்க வேலைக்குப் போனப்புறம் செய்வேன். நீங்க இருந்தா உங்களுக்குத் தூக்கோணும்ல?"

ராத்திரிக்கு ரவா உப்புமா.

ஜூன் 13, வெள்ளி

காலையில் கட்டிலிலிருந்து எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மெத்தை ரொம்ப மெத்தென்று இருக்கிறது, அதுதான்.

பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது தரணீஷ் வாசற்படியில் நாற்காலியை நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னடா?"

"செவுத்தப் பிடிச்சுட்டு நிக்கறீங்க."

"செவுரு விழுந்துடும் போலிருக்கு. அதான் பிடிச்சிருக்கேன்."

அவன் சிரிக்கவில்லை. பொதுவாக இந்த மாதிரிக்குச் சிரிப்பான்.

ஜூன் 14, சனி

டாக்டர் பார்த்தார். தோல் மூடிவிட்டது. தண்ணீர் புகாத ஒட்டுப் போட்டு, கொஞ்ச நேரம் குளிக்கலாம் என்றார். புதன்கிழமை ஊருக்கு விமானம். ஹாஸ்டலில் இடம் வேண்டும் என்று சொல்ல வெள்ளிக்கிழமைதான் கடைசி. ஆகவே நாளைக்கே கடல்.

ட்யூபை எடுத்துப்போகப் போவதில்லை. அதைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

மல்லாந்து படுத்துக்கொண்டு, அட்டைமேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். மற்ற நாள் கோணலுக்குப் பத்தாவது பெயில் காரணம்.

காலையிலேயே போய்விட்டோம். கூட்டம் இல்லை. அந்தக் கம்பி நாற்காலி சும்மாதான் இருந்தது.

"நான் அதுல போறேன்ப்பா" என்றான்.

"இந்த ஒரு தடவ என்ற முதுகுல ஏறிக்க கண்ணு. கடைசி."

கடைசி என்று ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது. சிந்து, "அப்பா, வேண்டாம்" என்றாள். தரணீஷ் அவளைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தான். அப்புறம் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏறினான்.

நடந்தேன். தண்ணீர் கணுக்கால், அப்புறம் கெண்டைக்கால். வெதுவெதுவென்று இருந்தது. அந்தக் குட்டித் தீவு வரைக்கும் சுமந்துகொண்டு போய்விடுவது, அங்கே இறக்கி மிதக்கவிடுவது என்பது என் திட்டம். இத்தனை வருசம் சுமந்தவன், கடலைத் தாண்டிச் சுமந்தான் என்று இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

பாதி வழியில் காதருகே, "ப்பா, வலிக்குதா?" என்றான்.

"இல்லடா."

"மூச்சு வேற மாதிரி வருது."

அடுத்த அடி வைத்தேன். இடுப்பில் யாரோ வெல்டிங் ராடைச் சொருகினாற்போல ஒன்று வெட்டியது. கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. முழங்காலில் விழுந்தேன். அவன் என் தலைக்கு மேலாகப் பாய்ந்து தண்ணீருக்குள் போனான்.

எழுந்து ஓட வேண்டும். எழ முடியவில்லை. நாலு காலில் நின்றுகொண்டு "தரணி, தரணி" என்று கத்தினேன். தண்ணீர் கலங்கி மணலாக இருந்தது. எனக்குக் கிணறுதான் ஞாபகம் வந்தது. முடி எங்கே தெரியும் என்று தேடினேன்.

அவன் கொஞ்ச தூரத்தில் தலையைத் தூக்கினான். முகத்தைத் துடைத்து, மூக்கில் ஏறின தண்ணீரைச் சிந்தினான்.

"இங்கதான் இருக்கேன், கத்தாதீங்க."

அப்புறம் அவன் வந்த விதத்தை எழுதவேண்டும். இரண்டு கையையும் அடிமணலில் ஊன்றி, கையாலேயே நடந்து வந்தான். கால்கள் பின்னால் துணி மாதிரி மிதந்து வந்தன. வீட்டில் தரையில் அந்தக் கால்களை இழுத்துக்கொண்டு நகர்வதைப் பார்த்தால் ஓடிப்போய்த் தூக்கிவிடுவேன். தண்ணீரில் அவை அவனுக்கு எடையே இல்லை. என்னைவிட வேகமாக வருகிறான்.

"அசையாதீங்க. திரும்பிப் படுங்க, தண்ணியே தூக்கிக்கும்" என்று என் தோளைத் திருப்பிவிட்டான். படுத்தேன். என் பக்கத்தில் அவனும் மல்லாந்தான். வலி பாதியாயிற்று. மேலே மேகமே இல்லாத வானம். அவனை யாரும் பிடித்திருக்கவில்லை. என் தலையைத்தான் அவன் ஒரு கையால் தாங்கியிருந்தான்.

"எத்தனை நாளா இப்பிடி வலிக்குது?"

"ஏசி காத்து..."

"ப்பா."

"தை மாசத்துலருந்து."

"எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். மாத்திரை அட்டைய நீங்க வெல்டிங் பெட்டில ஒளிக்கறது வரைக்கும் தெரியும்."

சிந்து கூப்பிட்டு, கடற்கரைக் காவலுக்கு இருந்த ஒரு பெண்ணும் ஒரு பையனும் ஓடிவந்தார்கள். பெண் என் கையைப் பிடித்து இழுக்கப்போனாள். தரணீஷ் ஒரே அதட்டல் போட்டான். பட்டறையில் எங்கள் மேஸ்திரிகூட அப்படி அதட்டியதில்லை. இங்கிலீஷில்தான் பேசினான், எனக்குப் பிடிபட்ட வரை இதுதான்: கையைப் பிடித்து இழுக்காதே. ஒருத்தர் பின்னால் போய் அக்குளுக்குக் கீழே கைவிட்டு நெஞ்சோடு கட்டிக்கொள். இன்னொருத்தர் முழங்காலுக்கு அடியில். உன் முதுகை வளைக்காதே, காலை மடக்கு. தூக்கும் முன் அவரிடம் சொல்லு. நான் சொல்லும்போது இருவரும் சேர்ந்து.

அவன் சொன்னான், தூக்கினார்கள். வலிக்காமல் மேலே வந்தேன். நான் இத்தனை வருசமாக அவனைத் தூக்கியது எல்லாம் அரிசி மூட்டை தூக்குவது போலத்தான் என்று அப்போது புரிந்தது. பாவம், ஒருநாளும் சொன்னதில்லை.

கரையில் இருந்தது ஒரே ஒரு சக்கர நாற்காலி, அவனுடையது. அதில் என்னை உட்காரவைத்தார்கள்.

"ஃபுட்ரெஸ்ட்ல கால வைங்கப்பா. கைய சக்கரத்துக்குள்ள விடாதீங்க" என்று தண்ணீரிலிருந்தே கத்தினான். அவன் கையால் நடந்து அந்தக் கம்பி நாற்காலிக்குப் போனான். சிந்து அதை அவனுக்காகத் தண்ணீருக்குள் இறக்கி வைத்திருந்தாள். ஒரு தாவலில் ஏறி உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கினான். தலையில் நீர் சொட்ட, கம்பி வழியே அவன் மெல்ல மேலே வர, நான் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு நடுவில் நின்ற சிந்து சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

அந்தக் காவல்காரப் பெண் இங்கிலீஷில் என்னிடம் கேட்டது எனக்கே புரிந்தது. அவர் உங்கள் மகனா என்று கேட்டாள்.

"எஸ்" என்றேன். அதற்குமேல் இங்கிலீஷ் வரவில்லை.

ஜூன் 16, திங்கள்

டாக்டர் ஊசி போட்டார். விமானத்தில் போகலாம், இனி எதையும் தூக்கக்கூடாது என்றார். "எதையும்" என்பதை சிந்து இரண்டு தடவை தமிழில் சொன்னாள்.

ரத்தினாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"சிக்னல் சரியில்லையா?" என்றேன்.

"சிக்னலெல்லாம் நல்லாத்தானுங்க இருக்கு" என்றாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

சாயங்காலம் தரணீஷ் ரசம் சாதம் பிசைந்து எடுத்துவந்து கட்டிலருகே நாற்காலியை நிறுத்தினான். படுத்துக்கொண்டே சாப்பிடுவது பழக்கமில்லாமல் பாதி கழுத்தில் வழிந்தது. துடைத்துவிட்டான். பந்தயத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுக்கமாட்டான், நான்தான் எடுக்கவேண்டும் என்று தெரியும். தட்டு காலியாகும் வரை தள்ளிப்போட்டுப் பார்த்தேன்.

"கண்ணு, ஹாஸ்டல்ல கீழ்த்தளத்துல ரூம் கேட்டுப் பாரு. பாத்ரூம் கதவு நாற்காலி நுழையற அகலம் இருக்கான்னும் கேட்டுக்க. இல்லன்னா நான் வந்து அகலமாக்கித் தர்றேன்."

"கதவு சரியா இருக்குப்பா. ரூமும் கீழதான்."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"சித்திரையிலயே பேசிட்டேன்."

பக்கத்து அறையில் சிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளும் கூட்டு. இடுப்பு அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் எனக்கும் சிரிப்பு வந்து, வலித்து, திரும்பச் சிரிப்பு வந்தது. தரணீஷ் என் விலாவில் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப்பா, மெதுவா" என்றான்.